உயிருக்குள் வெளிச்சம் போட்டுப் பார்த்த கதை

கடையில் 5000 ரூபாத் தாளை நீட்டினால் முதலாளி என்ன செய்வார்? கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊதா லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்ப்பார். சாதாரண வெளிச்சத்தில் தெரியாத குறிகள் அதில் பளிச்செண்டு மின்னும். மின்னினால் நல்ல தாள். கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரிகிற நிறமாகத் திருப்பித் தருகிற இந்த வேலைக்குத்தான் புளோரொளிர்வு என்று பெயர். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

இதை முதலில் கவனமாக எழுதி வைத்தவர் ஜோன் ஹெர்ஷல். 1845இல், குயினைன் கரைத்த தண்ணீரில் வெயில் படும்போது மேற்பரப்பில் ஒரு நீலப் பளபளப்பு ஓடுவதை அவர் பார்த்தார். 1852இல் ஜோர்ஜ் ஸ்ரோக்ஸ் அதன் காரணத்தை விளக்கி, புளோரைட் என்ற கனியத்தின் பெயரை வைத்து அதற்குப் பெயரும் சூட்டினார். குயினைன் எங்களுக்கும் தெரியாத சாமானில்லை. கோப்பி நோயில் அழிந்து தேயிலை முழுசாக வந்து சேர்வதற்கு இடைப்பட்ட காலத்தில், 1880களில், எங்கட மலையகத் தோட்டங்களில் குயினைன் எடுக்கிற சிங்கோனா மரங்கள்தான் பெருமளவில் நின்றன.

சரி, தாளைச் சோதிக்கிற அதே வித்தையை உயிருள்ள ஒரு கலத்துக்குள் செய்தால்? ஒளிர்கிற ஒரு பொருளை உள்ளே விட்டு, அது எங்கே போகுது, என்ன செய்யுது என்று பார்த்தால்? கடந்த நூறு வருசத்துக்கும் மேலாக விஞ்ஞானிகள் இதைத்தான் செய்துகொண்டு வருகிறார்கள். ஆனால் இந்தக் கதையில் எப்போதும் இரண்டு கேள்விகள் சேர்ந்தே வரும். ஒன்று, எவ்வளவு தெளிவாகத் தெரியுது? மற்றது, பார்த்து முடிந்த பிறகு உள்ளே விட்ட பொருள் எங்கே போகுது? முதல் கேள்விக்குக் கிடைத்த கைதட்டல் இரண்டாவதுக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கட்டுரை இரண்டாவது கேள்வியின் வரலாறு.

மங்கிப் போகிற சாயங்கள்

1871இல் அடொல்ஃப் வொன் பேயர் புளோரசீன் என்ற சாயத்தைச் செய்தார். அது இன்றைக்கும் பாவனையில் இருக்கிறது. நீரிழிவால் விழித்திரை பழுதானவர்களுக்குக் கண் கிளினிக்கில் கையில் ஒரு ஊசி போட்டு, கண்ணுக்குள் குருதிக் குழாய்களைப் படம் எடுப்பார்கள் அல்லவா, அதில் ஏற்றுவது இந்தச் சாயம்தான். ஊசி போட்ட பிறகு தோல் கொஞ்சம் மஞ்சளாகும். சிறுநீரும் மஞ்சளாகப் போகும். ஒன்றிரண்டு நாளில் எல்லாம் பழையபடி. அந்த மஞ்சள் சிறுநீர் ஒரு நல்ல செய்தி. உள்ளே போனது வெளியே வந்துவிட்டது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேணும்?

ஆனால் இப்படியான சாயங்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. வெளிச்சம் பட்டுப் பட்டு அவை மங்கிப் போகும். நுணுக்குக்காட்டிக்குக் கீழே பலமான ஒளியைப் பாய்ச்சினால் சில வேளை ஒரு நிமிடம்கூடத் தாங்காது. கலத்துக்குள் ஒரு புரதம் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து கொண்டிருக்கும்போது பாதி வழியில் கரண்ட் போன மாதிரி ஆகிவிடும். அதோடு ஒவ்வொரு சாயத்துக்கும் ஒவ்வொரு அலைநீளத்தில் ஒளி பாய்ச்ச வேண்டும். ஒரே நேரத்தில் நாலைந்து நிறங்களைப் பார்ப்பது பெரும் பாடு.

1962இல் ஒசாமு ஷிமோமுறா ஜெலி மீனிலிருந்து பிரித்தெடுத்த பச்சைப் புரதமும், 1994இல் மார்ட்டின் சால்ஃபி அதை வேறு உயிரிகளுக்குள் ஒளிர வைத்ததும் ஒரு பெரிய பாய்ச்சல். 2008இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அந்த வழிக்கு உயிரியின் பரம்பரையலகிலேயே கை வைக்க வேண்டும். அந்தப் புரதமும் ஒளியில் மங்கத்தான் செய்யும். மங்காத ஒரு வெளிச்சம் வேணும் என்ற தேடல் நிற்கவில்லை.

அளவு மாறினால் நிறம் மாறும்

அந்த வெளிச்சம் உயிரியல் கூடத்திலிருந்து வரவில்லை. 1981இல், அப்போதைய லெனின்கிராட்டில், அலெக்சி எக்கிமோவ் நிறக் கண்ணாடிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கண்ணாடிக்குள் உருவான செப்புக் குளோரைட்டுப் பளிங்குகள் சிறுக்கச் சிறுக்க அவை உறிஞ்சும் ஒளி மாறுவதை அவர் கண்டார். பொருள் ஒன்றுதான், அளவு மட்டும்தான் வேறு. இரண்டு வருசம் கழித்து, 1983இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் லூயிஸ் புறுஸ், அதே விளைவைக் கரைசலில் மிதக்கும் கட்மியம் சல்பைட்டுத் துணிக்கைகளில் கண்டார். பனிப்போர்க் காலம். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது.

ஏன் இப்படி? ஒரு பளிங்கு சில நனோமீற்றர் அளவுக்குச் சிறுத்துவிட்டால் அதற்குள் இருக்கிற இலத்திரனுக்கு அசைய இடமில்லாமல் நெருக்கடி வருகிறது. நெருக்கடி கூடக் கூட அதன் சத்திப் படிகளுக்கு இடையிலான தூரமும் கூடும், அது வெளிவிடும் ஒளி நீலப் பக்கம் நகரும். நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கட்மியம் செலனைட்டை எடுத்தால், 2 நனோமீற்றர் அளவுத் துணிக்கை நீலமாக ஒளிரும், 6 நனோமீற்றர் அளவுத் துணிக்கை சிவப்பாக ஒளிரும். இடையில் மற்ற நிறங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கழியூதா விளக்குப் போதும். இவற்றுக்குத்தான் குவாண்டம் புள்ளிகள் என்று பெயர்.

ஒரே அளவில், பழுதில்லாமல் இவற்றைச் செய்வது நீண்ட காலம் கைகூடவில்லை. 1993இல் எம்.ஐ.ரி.யில் மௌங்கி பவெண்டியும் அவருடைய மாணவர்களும் சூடான கரைப்பானுக்குள் மூலப்பொருளைச் சட்டென்று செலுத்தி, பளிங்குகளை ஒரே நேரத்தில் முளைக்கவைத்து வளர்க்கிற முறையைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தத் துணிக்கைகள் பௌதிகவியல் கூடத்தை விட்டு வெளியே வந்தன. 2023இல் எக்கிமோவ், புறுஸ், பவெண்டி மூன்று பேருக்கும் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

1998: கலத்துக்குள் நுழைதல்

1998 செப்டெம்பரில், 'சயன்ஸ்' சஞ்சிகையின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று கலிபோர்னியாவில் போல் அலிவிசாட்டோஸின் குழு எழுதியது. சுண்டெலிக் கலங்களில் இரண்டு அளவுக் குவாண்டம் புள்ளிகளால் கருவைப் பச்சையாகவும், கலத்தின் இழைகளைச் சிவப்பாகவும் அவர்கள் காட்டினார்கள். மற்றதை எழுதியவர்கள் இந்தியானாவில் ஷூமிங் நீயும் அவருடைய மாணவர் வொறன் சானும். தங்கள் துணிக்கைகள், வழக்கமான ரோடமின் சாயத்தைவிட 20 மடங்கு பிரகாசமானவை, மங்காமல் நிற்பதில் 100 மடங்கு உறுதியானவை என்று அவர்கள் காட்டினார்கள். வொறன் சான் என்ற பெயரை ஞாபகம் வைத்திருங்கள், திரும்பி வருவார்.

அதற்குப் பிறகு வெள்ளம் மாதிரி வேலைகள் வந்தன. 2002இல் ஆபிரிக்க நகத்தவளையின் முளையத்துக்குள் குவாண்டம் புள்ளிகளைச் செலுத்தி, ஒரு கலம் பிரிந்து பிரிந்து எந்த உறுப்பாக வளர்கிறது என்று பின்தொடர்ந்தார்கள். 2003இல் பாரிசில் மக்சிம் டஹானின் குழு, உயிருள்ள நரம்புக்கலத்தின் மேற்பரப்பில் ஒற்றை வாங்கிப் புரதம் எப்படி அலைகிறது என்பதை நிமிடக்கணக்கில் பார்த்தது. பழைய சாயங்களால் இது முடியாத காரியம். 2004இல் பவெண்டியும் அறுவைச் சிகிச்சை ஆய்வாளர்களும் சேர்ந்து, ஒரு பன்றியின் தோலுக்குக் கீழே 1 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருந்த நிணநீர்க்கணுவை, வெட்டுவதற்கு முன்னமே திரையில் ஒளிர வைத்தார்கள். புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையில் எந்தக் கணுவை எடுப்பது என்பது உயிர்ப் பிரச்சினை. அது கண்ணுக்கு முன்னால் தெரிந்தால் வெட்டுக்காயமும் குறையும், தவறும் குறையும்.

இவ்வளவும் வாசிக்கும்போது, 'பிறகென்ன, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டியதுதானே' என்று யாருக்கும் தோன்றும். அங்கேதான் இரண்டாவது கேள்வி நிற்கிறது.

உள்ளே இருப்பது கட்மியம்

அந்த அழகான நிறங்களைத் தருகிற துணிக்கைகளின் நடுவில் இருப்பது கட்மியம். பற்றரிகளில் இருக்கிற, சிகரெட் புகையில் இருக்கிற அதே உலோகம். ஜப்பானின் தொயாமா மாவட்டத்தில், ஜின்சூ ஆற்றங்கரையில், சுரங்கக் கழிவிலிருந்து கலந்த கட்மியம் வயல்களுக்குப் போய், சோற்றுக்குள் போய், வருசக்கணக்காக மக்களின் எலும்பையும் சிறுநீரகத்தையும் அரித்தது. நோவு தாங்காமல் சனங்கள் கத்தியதால் அந்த நோய்க்கே 'இத்தாய் இத்தாய்', அதாவது 'நோகுது நோகுது', என்று பெயர். 1968இல்தான் ஜப்பானிய அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது. கட்மியம் உடலுக்குள் போனால் சிறுநீரகத்தில் பத்து, இருபது வருசம் தங்கும். எங்கட நாட்டிலும், வடமத்திய மாகாண விவசாயிகளைத் தாக்குகிற சிறுநீரக நோயைப் பற்றிய விவாதத்தில் கட்மியத்தின் பெயர் அடிபட்டிருக்கிறது. அந்த நோயின் காரணம் இன்னும் முடிவாகவில்லை. ஆனால் தண்ணீரிலோ சோற்றிலோ என்ன இருக்கு எண்டு தெரியாமல் வாழுற பயம் எங்களுக்குப் புதுசில்லை.

பளிங்குக்குள் பூட்டி வைத்த கட்மியம் வெளியே வருமா? 2004இல் இந்தக் கேள்வியை நேராகக் கேட்ட ஆய்வு ஒன்று வெளிவந்தது. எழுதிய மூன்று பேர்: ஒஸ்ரின் டேர்ஃபஸ், சங்கீதா பாட்டியா, மற்றவர் வொறன் சான். ஆறு வருசத்துக்கு முன் 'இதோ பாருங்கள், எவ்வளவு பிரகாசம்' என்று எழுதியவரே, இப்போது 'இது ஈரலை என்ன செய்கிறது' என்று கேட்கிற கட்டுரையிலும் இருக்கிறார். தான் செய்த சாமானைத் தானே சந்தேகப்படுவது விஞ்ஞானத்தில் நடக்க வேண்டியதுதான், ஆனால் நடப்பது குறைவு.

அவர்கள் எலியின் ஈரல் கலங்களை எடுத்துச் சோதித்தார்கள். விடை 'நஞ்சு' என்றோ 'நஞ்சில்லை' என்றோ ஒற்றைச் சொல்லில் வரவில்லை. கட்மியம் செலனைட்டுத் துணிக்கை காற்றிலோ கழியூதாக் கதிரிலோ பட்டு ஒட்சியேறினால், அதன் மேற்பரப்பு சிதைந்து கட்மிய அயன்கள் கசிந்தன, கலங்கள் செத்தன. துணிக்கையைச் சுற்றி நாக சல்பைட்டால் ஒரு மெல்லிய ஓடு போட்டால், காற்றால் வரும் ஆபத்து ஏறத்தாழ நின்றுவிட்டது. ஆனால் கழியூதாக் கதிரால் வரும் கசிவு குறைந்ததே ஒழிய முழுதாக நிற்கவில்லை. யோசித்துப் பாருங்கள். இந்தத் துணிக்கை ஒளிர வேணுமெண்டால் அதன் மேல் ஒளி பாய்ச்ச வேணும். பாய்ச்சுகிற ஒளியே ஓட்டைக் கரைக்கவும் கூடும்.

அளவும் முக்கியம். முன்னே சொன்ன 2002ஆம் ஆண்டுத் தவளை முளையத்தில், ஒரு கலத்துக்கு 200 கோடித் துணிக்கைகள் வரை விட்டபோது வளர்ச்சி வழமைபோல நடந்தது. 500 கோடிக்கு மேல் போனபோது குறைபாடுகள் தெரிந்தன. இதில் இன்னொரு விசயமும் இருக்கிறது. கலம் சாகவில்லை என்பதற்காக அது சுகமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. நாங்கள் உள்ளே விட்ட துணிக்கையால் கலம் கொஞ்சம் நோயாளியாகி இருந்தால், நுணுக்குக்காட்டியில் நாங்கள் பார்ப்பது ஒரு நோயாளிக் கலத்தின் நடத்தையை. அதைச் 'சாதாரண கலம் இப்படித்தான்' என்று எழுதினால் அறிவியலே பிழைக்கும். ஆகவே பாதுகாப்பு என்பது நோயாளிக்கு மட்டுமான கவலை இல்லை, உண்மைக்கும் தேவையான கவலை.

பழைய ஒரு பாடம்: தோறோட்ராஸ்ட்

இந்த இடத்தில் 1930களுக்குப் போக வேண்டியிருக்கிறது. அப்போது எக்ஸ்-கதிர்ப் படத்தில் குருதிக் குழாய்களையும் ஈரலையும் தெளிவாகக் காட்ட ஒரு மருந்து வந்தது. பெயர் தோறோட்ராஸ்ட். தோரியம் ஈரொட்சைட்டின் மிகச் சிறிய துணிக்கைகள் மிதக்கும் ஒரு திரவம். 'நனோ' என்ற சொல் அப்போது யாரிடமும் இல்லை, ஆனால் துணிக்கைகளின் அளவு அதுதான். படங்கள் அற்புதமாக வந்தன. நோயாளிக்கு உடனடியாக எந்தக் கரைச்சலும் வரவில்லை. மூளையின் குருதிக் குழாய்களை முதன்முதலில் படம் எடுத்த போர்த்துக்கல் வைத்தியர் எகாஸ் மொனிஸும் இதைப் பாவித்தார். உலகம் முழுக்கப் பல இலட்சம் பேருக்கு இது ஏற்றப்பட்டது.

தோரியம் கதிர்த்தொழிற்பாடு உள்ளது. அந்தத் துணிக்கைகளைச் சிறுநீரகத்தால் வடிகட்டி வெளியே அனுப்ப முடியவில்லை. ஈரலும் மண்ணீரலும் எலும்பு மச்சையும் அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டன, ஆயுள் முழுக்க. ஒவ்வொரு நாளும் உள்ளிருந்தபடி அல்பாக் கதிர் அடித்துக்கொண்டிருந்தது. 1932இலேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சபை எச்சரித்தது. படம் நன்றாக வந்ததால் பாவனை 1950கள் வரை நிற்கவில்லை. ஊசி போட்டு இருபது, முப்பது வருசம் கழித்து ஈரல் புற்றுநோய்கள் வரத் தொடங்கின. ஜேர்மனி, டென்மார்க், போர்த்துக்கல், ஜப்பான் ஆகிய நாடுகளில் அந்த நோயாளிகளைப் பல தசாப்தங்களாகப் பின்தொடர்ந்து எழுதிய ஆய்வுகள் இருக்கின்றன. ஒரு நாள் எடுத்த படத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

கட்மியம் கதிர் அடிக்காது. ஆகவே இரண்டும் ஒன்றில்லை. ஆனால் 'உடனே ஒன்றும் நடக்கவில்லை' என்பது எவ்வளவு மெலிந்த ஆறுதல் என்று தோறோட்ராஸ்ட் காட்டிவிட்டது.

வெளியே போகிற வழி

2007இல் பவெண்டியின் குழுவும் ஜோன் ஃபிறஞ்சியோனியின் குழுவும் சேர்ந்து ஒரு எண்ணைக் கண்டுபிடித்தார்கள். குருதிக்குள் இருக்கும்போது, மேற்பூச்சையும் சேர்த்து 5.5 நனோமீற்றருக்குக் குறைவான விட்டம் இருந்தால், குவாண்டம் புள்ளிகள் சிறுநீரகத்தால் வடிக்கப்பட்டு விரைவாக வெளியேறும். அதைவிடப் பெரிசாகினால் பெரும்பாலும் உள்ளேயே தங்கும். ஆனால் ஓடு, மேற்பூச்சு, நோயைத் தேடிப் போய் ஒட்டுவதற்கான மூலக்கூறு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் துணிக்கை அந்த எல்லையைத் தாண்டிவிடும். பாதுகாப்புக்காகப் போடுகிற ஓடே வெளியே போகிற வாசலை அடைக்கிறது.

2012இல் நான்கு ரீசஸ் குரங்குகளில் செய்த ஆய்வு வெளிவந்தது. துணிக்கைகளை ஏற்றி 90 நாள் பார்த்தார்கள். குருதிப் பரிசோதனைகள் வழமையான எல்லைக்குள் இருந்தன, குரங்குகள் சாப்பிட்டன, விளையாடின. நஞ்சின் அடையாளம் எதுவும் தெரியவில்லை. ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு வசனமும் உண்டு: 90 நாள் கழித்தும், ஏற்றிய கட்மியத்தில் பெரும்பகுதி ஈரலிலும் மண்ணீரலிலும் சிறுநீரகத்திலும் அப்படியே இருந்தது. முதல் வசனத்தை மட்டும் வாசித்தால் நல்ல செய்தி. இரண்டையும் சேர்த்து வாசித்தால், 90 நாள் போதுமா என்று கேட்கத் தோன்றும். கட்டுரை எழுதியவர்கள் இரண்டையும் ஒளிக்காமல் எழுதினார்கள். ஒரு வசனத்தை மட்டும் எடுத்துத் தலைப்புப் போடுவதுதான் ஆபத்து.

இந்தச் சந்தேகங்கள் வேலையை நிறுத்தவில்லை. மாறாக வேறு வழிகளைத் திறந்தன. கட்மியத்துக்குப் பதிலாக இண்டியம் பொஸ்பைட்டில் குவாண்டம் புள்ளிகள் செய்தார்கள். இப்போது கடைகளில் விற்கிற கியூஎல்ஈடி ரீவி பலவற்றில் இருப்பது இந்த வகைதான். 2004இல் தென் கரோலினாவில், காபன் நனோக்குழாய்களைச் சுத்தம் செய்யும்போது கழிவோடு கழிவாகத் தற்செயலாக ஒளிரும் காபன் புள்ளிகள் கிடைத்தன. மங்காமல் ஒளிரும் நனோ வைரங்களும் வந்தன. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் உல்றிக் வீஸ்னரின் குழு இன்னும் எளிமையாக யோசித்தது. பழைய சாயத்தையே எடுத்து, மணலின் பொருளான சிலிக்காவால் மூடி, 6, 7 நனோமீற்றர் அளவில் ஒரு துணிக்கை செய்தார்கள். பார உலோகம் இல்லை. சிறுநீரோடு வெளியே போகும். 2011இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதை மனிதரில் சோதிக்க அனுமதித்தது. 2014இல், மெலனோமா பரவிய ஐந்து நோயாளிகளில் செய்த முதல் பரிசோதனையின் முடிவு வந்தது. ஐந்தே ஐந்து பேர். அப்படித்தான் தொடங்க வேண்டும், பல இலட்சம் பேரில் இல்லை.

கட்மியப் புள்ளிகள் வீணாகிவிட்டனவா? இல்லை. ஆய்வுகூடத் தட்டில் வளர்க்கிற கலங்களிலும், உடலிலிருந்து வெட்டி எடுத்த இழையங்களிலும் அவை இன்றைக்கும் நல்ல வேலை செய்கின்றன. அங்கே கேட்க வேண்டியது, பாவித்து முடித்த கரைசலை எங்கே ஊற்றுகிறோம் என்பது. சிங்குக்குள் ஊற்றினால் அது ஆய்வுகூடத்தின் பிரச்சினையாக மட்டும் இருக்காது.

இதை வாசிக்கிற உங்களில் சிலர் நாளைக்கு உயிரியல் கூடத்தில் வெள்ளைக் கோட்டோடு நிற்பீர்கள். வேறு சிலர், அம்மாவையோ அம்மம்மாவையோ கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில், புதுசாக வந்த ஒரு ஸ்கேனுக்காகக் காத்திருப்பீர்கள். அப்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உள்ளே விடுவது எதால் ஆனது? அது எந்த வழியால் வெளியே வரும்? எவ்வளவு காலம் பார்த்துவிட்டுப் பாதுகாப்பானது என்று சொல்கிறீர்கள்? படிப்பில்லாதவர் கேட்கிற கேள்விகள் எண்டு யாராவது முகம் சுழித்தால் பரவாயில்லை. 1932இல் கேட்ட அதே கேள்விகள்தான். அண்டைக்குப் பதில் வரும் வரைக்கும் காத்திருந்திருந்தால் கன சனம் தப்பியிருக்கும்.